கடல் கடந்து வந்த வரைபடங்கள்

புதுச்சேரி நகரின் வடபுறத்தில் கடலை ஒட்டி அமைந்துள்ள பகுதி குருசுக்குப்பம். குருசு என்பது சிலுவையைக் குறிக்கும் சொல். குப்பம் என்பது மீனவர் வாழும் கடற்கரைச் சிற்றூர். கட்டுமரமும் வலையும் அறிந்த இத்தகைய ஒரு பகுதியில், இன்று ஒரு பொறியாளர் மாடியறையில் அமர்ந்தபடியே பிரான்சு நாட்டில் எழும்பப்போகும் ஒரு கட்டடத்தின் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிட்டு வரைந்து அனுப்ப முடியும். அவர் எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இருக்க வேண்டியதில்லை. வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, தாமே பொறுப்பேற்று, முடித்துக் கொடுத்துக் கூலி பெறும் சுயேச்சைப் பொறியாளர் அவர். அவர் வரைந்த கட்டடத்தை அவர் தம் வாழ்நாளில் ஒரு முறைகூடக் காணாமலே போகலாம்.

இது கணினி யுகம் நமக்குத் தந்த புதுமை என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். செய்தியைக் கொண்டு செல்லும் கம்பி புதியது என்பது உண்மையே. ஆனால் ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறோர் இடத்துக்குப் பொறியியல் வேலை செய்யும் வழக்கம் 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. நம் பாம்பன் பாலத்திலும், புதுச்சேரி நகரின் புகழ்பெற்ற ஒரு கட்டடத்திலும் அந்த வரலாற்றின் பக்கங்கள் உள்ளன. தாம் காணாத மண்ணில் நிற்கப்போகும் ஒன்றை ஒருவர் எப்படி வடிவமைக்க முடிந்தது? வரைபடத்தில் அடங்காதவற்றை அங்கே யார் பார்த்துக்கொண்டார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வரலாற்றைக் காண்போம்.

வீட்டிலிருந்து வேலை செய்த முதல்வர்

தம்மைச் 'சிவில் எஞ்சினீயர்' என்று முதன்முதலில் அழைத்துக்கொண்டவராகக் கருதப்படுபவர் ஜான் ஸ்மீட்டன் (1724–1792). இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஆஸ்தார்ப் என்னும் ஊரில் பிறந்து, அங்கேயே தம் வீட்டை அடுத்து ஒரு கோபுரம் கட்டிக்கொண்டார். அதன் அடித்தளத்தில் உலைக்கூடம் இருந்தது. மேல்தளங்களில் கடைசல் எந்திரமும் மாதிரிப் பொருள்களும் வரையும் அறையும் இருந்தன. கால்வாய், பாலம், துறைமுகம், நீர்ச்சக்கர ஆலை என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அவரை நாடி வந்தனர். அவர் எவருக்கும் நிரந்தர ஊழியர் அல்லர். இடத்தைச் சென்று பார்ப்பார். வீடு திரும்பி வரைபடமும் அறிக்கையும் தயாரிப்பார். அதற்குரிய கட்டணத்தைப் பெறுவார். அவருடைய வரைபடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இலண்டன் ராயல் கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன.

ஒரே நேரத்தில் பல ஊர்களில் நடக்கும் வேலைகளை ஒருவர் எப்படி மேற்பார்க்க முடியும்? இதற்கு ஸ்மீட்டன் பின்பற்றிய ஏற்பாடு இன்றுவரை பொறியியல் தொழிலின் அடிப்படையாக இருந்து வருகிறது. வடிவமைப்புக்குப் பொறுப்பு அவர். வேலை நடக்கும் இடத்திலேயே தங்கி அன்றாடப் பணியைக் கவனிக்க ஓர் உறைவிடப் பொறியாளர் இருப்பார். மண் எதிர்பார்த்ததைவிட இளகியிருந்தாலும், ஊற்று பீறிட்டாலும், கல் கிடைக்காவிட்டாலும் உறைவிடப் பொறியாளர் கடிதம் எழுதுவார். ஸ்மீட்டன் அதற்கேற்ப வரைபடத்தைத் திருத்தி அனுப்புவார். ஆக, தொலைவிலிருந்து செய்யும் பொறியியல் தொடக்கத்திலேயே ஒருவர் வேலையாக இருக்கவில்லை. வரைபவர் ஒருவர், களத்தைக் காண்பவர் மற்றொருவர் என்று இருவர் சேர்ந்து செய்த வேலையாகவே இருந்தது.

வரைபடம் என்னும் மொழி

கடிதம் எழுத இருவருக்கும் தெரிந்த மொழி வேண்டும். பொறியாளரின் மொழி வரைபடம். அந்த மொழிக்கு இலக்கணம் வகுத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ். முப்பரிமாணப் பொருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களின் மேல் வீழ்த்தி, முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் எனத் தட்டையான தாளில் துல்லியமாகக் காட்டும் முறையை அவர் உருவாக்கினார். கோட்டை கட்டும் கலைக்கு இது பெரிதும் பயன்பட்டதால், பிரெஞ்சு இராணுவம் பல ஆண்டுகள் இதை இரகசியமாக வைத்திருந்தது. புரட்சிக்குப் பின்னரே, 1795-இல், இது வெளிப்படையாகக் கற்பிக்கப்பட்டது.

இம்மொழியிலும் வட்டார வழக்குகள் உண்டு. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்குவது முதற்கோண முறை. அதில் மேல்தோற்றத்தை முன்தோற்றத்தின் கீழே வரைவார்கள். அமெரிக்காவில் வழங்குவது மூன்றாங்கோண முறை. அதில் மேல்தோற்றம் மேலேயே இருக்கும். வலப்பக்கத் தோற்றமும் அவ்வாறே இடம் மாறும். எந்த முறை என்று அறியாமல் படித்தால் வலம் இடமாகி, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற உறுப்பு உருவாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும், நுனி வெட்டப்பட்ட ஒரு கூம்பின் சிறு சின்னத்தைப் பொறிக்கின்றனர். பல்தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக வரையும் அச்சின்னம், கடல் கடந்து வேலை செய்பவருக்குப் பெரும் நட்டத்தைத் தவிர்க்கும் காவலாகும்.

வரைபடத்தைப் படியெடுப்பதும் ஒரு காலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்னும் அறிஞர் இரும்பு உப்புகள் பூசிய தாளில் ஒளிபட்டு நீலநிறம் தோன்றும் முறையைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதுவே பொறியாளரின் நீலப்படியாயிற்று. ஒரே வரைபடத்தின் பல படிகள் ஆலைக்கும் களத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் செல்லும் வசதி அதனால் பிறந்தது.

சிகாகோவிலிருந்து பாம்பனுக்கு

இராமேசுவரம் தீவைத் தமிழ்நாட்டோடு இணைத்த பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் நடுவே, கப்பலுக்கு வழிவிடத் தூக்கித் திறக்கும் பகுதி ஒன்று இருந்தது. அதன் வடிவம் பிறந்த இடம் அமெரிக்காவிலுள்ள சிகாகோ. வில்லியம் ஷெர்சர் என்னும் பொறியாளர் உருவாக்கிய உருளும் தூக்குப்பாலம் அது. அவர் 1893-இல் இறந்துவிட்டார். அவருடைய சகோதரர் ஆல்பர்ட் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். வடிவமைத்துத் தருவதே ஷெர்சர் நிறுவனத்தின் தொழில். இரும்பு வேலை இங்கிலாந்தில் தீஸ் ஆற்றங்கரையிலிருந்த ஹெட் ரைட்சன் ஆலையில் நடந்தது. உறுப்புகள் கப்பலேறி வந்து பாம்பன் கடலில் பொருத்தப்பட்டன. வடிவம் ஒரு கண்டம், வார்ப்பு ஒரு கண்டம், பொருத்தியது வேறொரு கண்டம்!

இதன் தத்துவம் அழகானது. பாலத்தின் தூக்கும் பகுதி இரண்டு இறக்கைகளாக இருந்தது. ஒவ்வோர் இறக்கையின் கரைப்பக்க முனையும் வட்டத்தின் ஒரு பகுதிபோல் வளைந்து, பின்புறம் எதிர்ப்பளுவைத் தாங்கியிருந்தது. நாற்காலி பின்னே சாய்ந்தாடுவதுபோல் அது தண்டவாளத்தின் மேல் பின்னோக்கி உருளும். இறக்கையின் ஈர்ப்பு மையம் அந்த வட்டத்தின் மையத்திலேயே அமையுமாறு எடை பகிரப்பட்டிருப்பதால், உருளும்போது ஈர்ப்பு மையம் உயர்வதில்லை, கிடையாகவே நகர்கிறது. எனவே எடையைத் தூக்கும் வேலை இல்லை. உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் வென்றால் போதும். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இறக்கையை ஆட்கள் சிலர் நெம்புகோலைச் சுழற்றியே திறக்க முடிந்ததன் காரணம் இதுவே.

சிகாகோவில் செய்த கணக்கு பாம்பனில் பொய்க்கவில்லை. ஆயினும் அதைக் காத்தது சிகாகோ அன்று. உப்புக்காற்றில் துரு அரித்துக்கொண்டே இருக்கும் அந்த இடத்தில், ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூசி, பழுதான உறுப்புகளை மாற்றி வந்தவர்கள் இரயில்வே ஊழியர்களே. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய பெரும்புயல் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கண்களைக் கடலில் தள்ளியது. தூக்குப் பகுதி தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் என்று குறிக்கப்பட்ட வேலையை, இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில், கடலடியில் கிடந்த தூலங்களையே மீட்டெடுத்துப் பொருத்தி 46 நாட்களில் முடித்தனர். எந்தத் தூலம் எங்கே கிடக்கிறது, எது இன்னும் பயன்படும் என்று எந்தத் தொலைதூர அலுவலகமும் சொல்லியிருக்க முடியாது. கடலில் இறங்கியவர்களே அறிந்தனர்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நின்றது. அதன் அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. செங்குத்தாக மேலெழும் அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியை வடிவமைத்தது ஸ்பெயின் நாட்டின் டைப்சா என்னும் ஆலோசனை நிறுவனம். அக்கணக்கைச் சென்னை, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் சரிபார்த்தன. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் வரைபடம் கடல் கடந்தே வந்தது. ஆனால் இம்முறை அதைச் சரிபார்க்கும் அறிவு நம் நாட்டிலேயே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

டோக்கியோவிலிருந்து புதுச்சேரிக்கு

இப்போது குருசுக்குப்பத்துக்கு அருகில் வருவோம். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு நகரப் பகுதியில், 'கோல்கொண்டா' என்னும் கட்டடம் நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்காகக் கட்டப்பட்ட இல்லம் இது. இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களில் முதன்மையானதாகப் போற்றப்படுகிறது. ஐதராபாத் நிஜாம் அரசின் நன்கொடை கிடைத்ததால் அவ்வரசின் பழம்பெரும் கோட்டையின் பெயர் இதற்கு இடப்பட்டது.

இதன் வடிவம் உருவானது டோக்கியோவில். பொஹீமியாவில் பிறந்த ஆன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் 1919-இல் ஜப்பான் சென்று, 1921 முதல் அங்கே சொந்தமாகத் தொழில் நடத்தி வந்தார். 1930-களின் நடுவில் புதுச்சேரியிலிருந்து இப்பணி அவருக்குச் சென்றது. ஆசிரமத்தின் சார்பில் பணியைக் கவனித்தவர், பாரீசிலுள்ள எக்கோல் பாலிடெக்னிக்கில் பயின்ற பொறியாளர் பிலிப் பார்பியே சேன்-இலேர். ஆசிரமத்தில் பவித்திரா என்று அழைக்கப்பட்ட அவரும் ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்தவரே.

டோக்கியோவுக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடிதம் கப்பலில் செல்ல வாரக்கணக்காகும். இந்நிலையில் ரேமண்ட் செய்தது ஸ்மீட்டனின் வழியையே நினைவூட்டுகிறது. தம் அலுவலகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் நகாஷிமா என்னும் இளைஞரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார். லெ கார்பூசியேயிடம் பணிபுரிந்த பிரான்ஸுவா சம்மர் என்னும் செக் நாட்டவரும் வந்து சேர்ந்தார். வேலை 1937-இல் தொடங்கியது. ரேமண்ட் 1938-இல் நேரில் வந்து சில மாதங்கள் தங்கினார். பின்னர் நகாஷிமாவும் 1939-இல் விடைபெற்றார். சம்மர் பணியைத் தொடர்ந்தார். உலகப்போர் குறுக்கிட்டுப் பொருள் வரத்து தடைப்பட்டதால் வேலை 1940-களிலும் நீடித்தது.

தொலைவில் வரைந்த இக்கட்டடம் புதுச்சேரியின் வெயிலுக்கு இசைந்தது எப்படி? நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருக்கின்றன. கீழ்வானத்திலும் மேல்வானத்திலும் தாழ நிற்கும் வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். நீண்ட முகங்களில் கண்ணாடிச் சன்னல்கள் இல்லை. தேவைக்கேற்பத் திருப்பும் கிடைப்பலகைகளே சுவராக அமைந்துள்ளன. அவை காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும். அறைக் கதவுகளும் இடைவெளியுள்ள தேக்குச் சட்டங்களால் ஆனவை. தட்டையான கூரைக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் அடுக்கப்பட்டிருப்பதால், இரண்டுக்கும் இடையில் காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் கட்டடக் கலை தந்த விடை இது எனலாம்.

இதில் எல்லாமே டோக்கியோவில் முடிவாகிவிடவில்லை. மாதிரி அமைத்துப் பார்த்தனர். மண்ணையும் கான்கிரீட்டையும் களத்திலேயே சோதித்தனர். கட்டடத் தொழில் அறியாத ஆசிரமவாசிகள் வேலையைக் கற்றுக்கொண்டு செய்தனர். பித்தளைக் கீல்களும் பிடிகளும் வேண்டியபோது, பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, மெழுகு அச்சு முறையில் அங்கேயே வார்த்தனர். சிலை வார்க்கும் நம் ஸ்தபதிகள் காலங்காலமாகக் கையாளும் முறை அது. டோக்கியோ தந்த வடிவத்துக்குப் புதுச்சேரி உடல் கொடுத்தது என்றால் மிகையாகாது.

தபாலும் தொலைபேசியும்

போருக்குப் பின் கணினி வந்தது. அதனோடு, எடையில்லாத ஒரு பொறியியல் பொருளும் வந்தது. அதுவே கணினி நிரல். இதற்கு இரும்பு ஆலை வேண்டாம், கப்பலும் வேண்டாம். எழுதப்பட்ட தாளைத் தபாலில் அனுப்பினால் போதும். இதை உணர்ந்து ஒரு தொழிலாக்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்டெபனி ஷெர்லி. ஜெர்மனியில் பிறந்து, 1939-இல் அகதிக் குழந்தையாக இங்கிலாந்துக்கு வந்தவர் அவர். 1962-இல் 'பிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தம் வீட்டிலேயே, ஆறு பவுன் முதலீட்டில் தொடங்கினார். திருமணத்துக்குப் பின்னும் குழந்தைப் பேற்றுக்குப் பின்னும் வேலையை விட நேர்ந்த பெண் கணிதவியலார் பலர். அவர்கள் வீட்டிலிருந்தபடியே நிரல் எழுத அவர் வழி செய்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள்!

தொழிலுக்கு வேண்டிய கருவிகள் பென்சில், தாள், தொலைபேசி ஆகிய மூன்றுமே. 'ஸ்டெபனி' என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வராததால், ஆண் பெயர்போல் ஒலிக்கும் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திடத் தொடங்கினார், பதில்கள் வந்தன. குழந்தையின் அழுகுரல் வாடிக்கையாளருக்குக் கேளாதிருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவு செய்து தொலைபேசி பேசும்போது பின்னணியில் ஒலிக்க விடுவாராம். இன்று வீட்டிலிருந்து வேலை செய்யும் தாய்மார் இதைக் கேட்டால் புன்னகை செய்வர். கன்கார்டு என்னும் ஒலியினும் விரைந்த விமானத்தின் 'கறுப்புப் பெட்டி'க்கான நிரலை இந்த வீட்டுப் பொறியாளர்களே எழுதினர். ஷெர்லி 2025-இல் காலமானார்.

இவர்கள் வெற்றி பெற்றதற்குச் சுதந்திரம் மட்டும் காரணம் அன்று. வேலையை எப்படிப் பிரிப்பது, எப்படி எழுதி வைப்பது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் எப்படிச் சோதிப்பது என்பதற்குக் கண்டிப்பான விதிமுறைகள் வகுத்திருந்தனர். எதிரில் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதபோது, எழுத்தில் இருப்பது முழுமையாக இருந்தாக வேண்டும் அல்லவா?

ஒளியிழையும் ஓர் இழப்பும்

இந்தியாவுக்கு இப்புதிய தொழில் துணைக்கோள் வழியே வந்தது. 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் வடிவமைப்பு நிலையத்தைத் தொடங்கி, துணைக்கோள் இணைப்பின் மூலம் அமெரிக்காவோடு வேலைகளைப் பரிமாறியது. 1995 ஆகஸ்டு 15 முதல் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. பின்னர் கடலடி ஒளியிழை வடங்கள் சென்னைக் கரையைத் தொட்டன. அவற்றுள் ஒன்று சென்னையையும் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தையும் தன் வழியில் இணைக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இடைத் தொலைவு 10,000 கிலோமீட்டர் என்று கொண்டால், செய்தி செல்ல ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். ரேமண்டின் வரைபடம் வாரக்கணக்கில் கடந்த தொலைவை இன்றைய வரைபடம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கடக்கிறது. புதுச்சேரிக்கும் பிரான்சுக்கும் உள்ள நேர வேறுபாடு குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி. நம் பிற்பகல் அவர்களுடைய காலை. எனவே பாதி நாள் இருவரும் சேர்ந்தே வேலை செய்யலாம்.

ஆனால் வேகம் மட்டும் தவறைத் தடுத்துவிடாது. 1999 செப்டம்பர் 23-இல் அமெரிக்காவின் செவ்வாய்க் கோள் விண்கலம் ஒன்று, தாழ்ந்த உயரத்தில் செவ்வாயின் காற்று மண்டலத்தில் புகுந்து அழிந்தது. கலத்தை உருவாக்கிய ஒப்பந்த நிறுவனம் கொலராடோவில் இருந்தது. அதைச் செலுத்திய நிலையம் கலிபோர்னியாவில் இருந்தது. ஒரு சாராரின் நிரல் உந்துதலைப் பவுண்டு அலகில் தந்தது. மறு சாரார் அதை நியூட்டன் அலகு என்று கொண்டனர். ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டனுக்குச் சமம். அந்தப் பெருக்கல் விடுபட்டது. எண்கள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. அவற்றின் பொருள் போய்ச் சேரவில்லை.

குருசுக்குப்பத்துக் கரை சொல்வது

இனி நம் இரண்டாவது கேள்விக்கு வருவோம். வரைபடத்தில் அடங்காதவற்றை யார் பார்த்துக்கொள்வது? இதற்கு விடை தேட வேறெங்கும் போக வேண்டாம். குருசுக்குப்பத்துக் கடற்கரைக்குச் சென்றால் போதும். மணல் பரந்து கிடக்க வேண்டிய இடத்தில் கருங்கல் பாறைகளின் வரிசையைக் காண்போம்.

நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் கரையைச் சாய்வாக மோதுவதால், மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வடக்கே செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே வருகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் பெருமளவு மணல் வடக்கு நோக்கியே போகிறது. கரை என்பது நிலையான பொருள் அன்று. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை குறையாத ஒரு கணக்கு அது.

1980-களின் பிற்பகுதியில், நகரின் தென்புறம் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே செல்லும் மணலை அச்சுவர்கள் மறிக்கும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாததன்று. மறிக்கப்படும் மணலை எடுத்து வடபுறக் கரையில் சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. ஆனால் அந்த வேலை தொடர்ந்து நடைபெறவில்லை. தென்புறம் மணல் சேர்ந்தது, வடபுறம் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. நகரின் கடற்கரை மணல் மறைந்தது. கரையைக் காக்கக் கற்களைக் கொட்டினர். கற்கள் இருக்கும் இடத்தில் அரிப்பு நின்றாலும், அது அடுத்த கரைக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாதிப்பு வடக்கே பரவியது. படகை இழுத்து நிறுத்தவும் வலையை உலர்த்தவும் மீனவருக்கு இருந்த இடம் போயிற்று.

பின்னர் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அதன் பயனாக நகரக் கடற்கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. இழந்ததை மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் இழக்காமல் காப்பதற்கு ஆன செலவைவிட மீட்பதற்கு ஆகும் செலவும் காலமும் பெரியவை.

இதில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரைபடம் ஒரு முறை வரையப்படுகிறது. அதில் எழுதிய நிபந்தனையோ ஆண்டுதோறும் நிறைவேற்றப்பட வேண்டியதாக இருக்கிறது. பாம்பனில் ஆண்டுதோறும் துரு சுரண்டியவர்கள் இருந்தார்கள். பாலம் நூறாண்டு கடந்தது. இங்கே ஆண்டுதோறும் மணலை எடுத்துச் சேர்க்கும் வேலை தொடரவில்லை, கரை கரைந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு களத்தில் தொடர்ந்து பொறுப்பேற்ற ஒருவர் இருந்தாரா, இல்லையா என்பதில்தான் உள்ளது.

தனியாளின் பொறுப்பு

இன்றைய சுயேச்சைப் பொறியாளருக்கு இவ்வரலாறு சொல்வன சில உண்டு. அவருக்குப் பல வசதிகள் உள்ளன. மேலதிகாரி இல்லை; ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை; உலகமெங்கும் வாடிக்கையாளர் கிடைக்கலாம். அவ்வளவுக்குத் துன்பமும் உண்டு. வேலை இல்லாத மாதத்தில் வருமானம் இல்லை. சேமநல நிதியும் மருத்துவ விடுப்பும் இல்லை. பணம் தர மறுக்கும் வாடிக்கையாளர் கடலுக்கு அப்பால் இருந்தால் வழக்காடுவதும் எளிதன்று. அதனால் அனுபவமுள்ளோர் வேலையைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பணம் பெறுமாறு ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர்.

பணத்தைவிடப் பெரியது பொறுப்பு. பல நாடுகளில் கட்டுமான வரைபடத்தில் அந்நாட்டில் உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டாக வேண்டும். அதைச் சிலர் வெறும் சடங்காக எண்ணுவர். உண்மையில் அவர் ஸ்மீட்டனின் உறைவிடப் பொறியாளரின் வாரிசு. எனவே வேலையை ஒப்புக்கொள்ளும் முன்னரே சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. மண் சோதனை அறிக்கை எங்கே? அதை எடுத்தவர் யார்? அளவுகள் எந்த அலகில் உள்ளன? எந்தக் கோண முறை? களத்தில் மாறுபாடு கண்டால் எனக்கு எழுதப்போகிறவர் யார்? கட்டி முடித்தபின் பராமரிப்பு நிபந்தனைகள் யாரிடம் ஒப்படைக்கப்படும்? இவற்றுக்கு எழுத்தில் விடை வராத வேலையை, கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், கையெழுத்திட்டு ஏற்பது அறிவுடைமை ஆகாது.

வெயிலும் மழையும் உப்பும் மணலும் நாம் எங்கிருந்து வரைகிறோம் என்று பார்ப்பதில்லை. வெளிநாட்டுக் கட்டடத்துக்குக் கணக்குப் போடும் இளைஞர், மாலையில் குருசுக்குப்பத்துக் கரையில் சற்று நின்று அந்தக் கற்களைப் பார்த்தால், தம் வரைபடம் போய்ச் சேரும் ஊரிலும் இப்படி ஒரு கரையும் அங்கே வாழும் மக்களும் உண்டு என்பது புலப்படும். அவர்களை மறவாமல் வரைபவரே நல்ல பொறியாளர்.